கரும்பு வெட்டுக்கு முன்னும் பின்னும்



இந்தச் சொற்பொழிவு அறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவர், மறைந்த தம் மனைவியின் பெயரில் ஒரு தொகையை வைப்புநிதியாகப் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். என்னை அழைத்தவர்கள் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள். அழைப்போடு வந்த ஆவணத்தின் நகலைப் படித்தேன். ஒரு மனிதர் தாம் சேர்த்த பொருளையும் தாம் வாழ்ந்த இல்லறத்தையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். தலைப்பு அங்கேயே கிடைத்துவிட்டது. பணமும் திருமணமும் மனிதரை மகிழ்ச்சியாக வைக்கின்றனவா?

இந்தக் கேள்வியை மேல்நாட்டாருடையது என்று நினைக்க வேண்டாம். நம் அகத்திணை மரபில் இதற்கென்று ஒரு துறையே இருக்கிறது: பொருள்வயிற் பிரிவு. பொருள் தேடத் தலைவன் தலைவியை விட்டுப் போகிறான். தோழி தடுக்கிறாள். சில பாடல்களில் அவன் பயணத்தையே கைவிடுகிறான். அதற்குச் செலவழுங்குதல் என்று பெயர். பிரிவு பாலைத் திணைக்குரியது. அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலை. ஒரு பெருந்தொகையின் சரிபாதியைப் பிரிவுக்குக் கொடுத்தவர்கள் நம் முன்னோர். பொருள் இல்லாமல் இல்லறம் நடக்காது, பொருளுக்காகப் போனால் இல்லறம் வாடும் என்ற இக்கட்டை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். பணமும் மணமும் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஆகா என்பதை நான் முதலில் கற்றது அங்கேதான். பொருளியல் படித்தது பிறகு.

1974இல் அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நாட்டுக்குள் ஒரே காலத்தில் கேட்டால், ஏழைகளைவிட வசதியானவர்களே தங்களை மகிழ்ச்சியானவர்கள் என்று சொல்கிறார்கள். ஆனால், 1946 முதல் 1970 வரை அமெரிக்காவின் வருமானம் ஏறிக்கொண்டே போனபோது, சராசரி மகிழ்ச்சி அதனோடு சேர்ந்து ஏறவில்லை. அடுத்தவரைப் பார்த்தே நாம் நம்மை அளக்கிறோம், எல்லாருக்கும் ஒன்றாக ஏறினால் யாருக்கும் ஏறியதாகத் தோன்றுவதில்லை என்பது அவர் விளக்கம். இதை மறுத்தும் ஆதரித்தும் இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

2010இல் டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் இருவரும் ஏறத்தாழ 4,50,000 பதில்களை வைத்து ஆய்ந்தார்கள். பொருளியலுக்கான நோபெல் பரிசை முன்னவர் 2002இலும் பின்னவர் 2015இலும் பெற்றவர்கள். அவர்கள் இரண்டு விதமாகக் கேட்டார்கள். ஏணிப்படி போல பூஜ்யத்திலிருந்து பத்துவரை வைத்து, உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் இருக்கிறது என்பது ஒன்று. நேற்று சிரித்தீர்களா, கவலைப்பட்டீர்களா, துக்கம் இருந்ததா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு வருமானம் ஏற ஏறப் படியும் ஏறியது. இரண்டாவதற்கு ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் ஏற்றம் நின்றுவிட்டது. இந்த ஓர் எண்ணை உலகப் பத்திரிகைகள் எல்லாம் தூக்கிக்கொண்டு ஓடின. பிறகு மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் செல்பேசி வழியாக மக்களை நாளின் பல வேளைகளில் கேட்டு, அப்படி ஒரு நிறுத்தம் இல்லை என்று 2021இல் எழுதினார். கானமன் மறுப்புக் கட்டுரை எழுதப் போகவில்லை. அவரோடே உட்கார்ந்து இரண்டு கணக்கையும் ஒத்துப்பார்த்தார். பெரும்பாலோருக்கு ஏற்றம் தொடர்கிறது, ஏற்கெனவே துயரத்தில் இருக்கும் ஒரு சிறு பகுதியினருக்குத்தான் ஓர் அளவோடு நிற்கிறது என்று 2023இல் சேர்ந்தே வெளியிட்டார்கள். தன் முடிவைத் திருத்த எதிராளியை அழைத்த அந்த முதியவரை ஆராய்ச்சி மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் மனத்தில் நின்றது அந்த 75,000 டாலர் இல்லை. அதே 2010 கட்டுரையில் இன்னொன்று இருந்தது. அதை யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. மணமுறிவு, நோய், தனிமை ஆகிய துன்பங்கள் எல்லாருக்கும் வருகின்றன. ஆனால், வருமானம் குறைந்தவருக்கு அதே துன்பம் கூடுதலாக வலிக்கிறது. பணம் இன்பத்தைக் கூட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். பணமில்லாமை துன்பத்தைப் பெருக்குகிறது என்று பதில் வந்தது.

பணமில்லாமை மனத்தை என்ன செய்கிறது என்பதை நம் மண்ணிலேயே அளந்திருக்கிறார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர் 2013இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை அது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் கள ஆய்வு நடந்தது. ஆலைக்குக் கரும்பு போடுகிறவனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி வெட்டு முடிந்த பிறகு ஒரே தடவையாகக் கைக்கு வரும். ஆகவே ஒரே மனிதன் ஆண்டின் ஒரு பகுதியில் ஏழை, இன்னொரு பகுதியில் ஓரளவு வசதியானவன். அவனை அவனோடே ஒப்பிடலாம். ஆலைக்கு எல்லாக் கரும்பையும் ஒரே நாளில் அரைக்க முடியாது என்பதால் ஊர் ஊராக, கொல்லை கொல்லையாக வெட்டு தள்ளிப்போகும். ஒரே மாதத்தில் பக்கத்துப் பக்கத்துக் கொல்லைக்காரர்களில் ஒருவர் பணம் வாங்கியிருப்பார், மற்றவர் காத்திருப்பார். ஆய்வாளருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

அவர்கள் வைத்த சோதனைகள் எளியவை. ஒரு கோலத்தில் விடுபட்ட துண்டு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்றில் 5 5 5 என்று எழுதிக் காட்டுவார்கள். எத்தனை எண் இருக்கிறது என்று கேட்டால் மூன்று என்று சொல்ல வேண்டும். நாக்கு ஐந்து என்று சொல்ல முந்தும். அதை அடக்க வேண்டும். வெட்டுக்கு முன்பு கோலச் சோதனையில் சராசரியாக 4.35 சரியான விடை. வெட்டுக்குப் பிறகு அதே மனிதர்கள் 5.45. எண் சோதனையிலும் வேகம் கூடியது, தவறு குறைந்தது. வெட்டுக்கு முன் 78 விழுக்காட்டினர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின் 4 விழுக்காட்டினர். கடன் வைத்திருந்தவர்கள் முன்பு 99 விழுக்காடு, பின்பு 13. அறிவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வட்டி கட்டும் தேதியையும் நகை மூழ்கும் நாளையும் சுமந்துகொண்டிருந்த மனத்துக்கு வேறொன்றைச் சுமக்க இடம் இல்லாமல் போயிற்று.

அந்தக் கட்டுரையை என் வீட்டு மேசையில் வைத்துப் படித்தபோது நான் அழுதேன். நானும் திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கரும்புக் கொல்லைக்காரர் ஒருவரின் மகள்.

எங்களுக்கு இரண்டரை ஏக்கர். ஆலையில் பதிவு செய்துவிட்டு கட்டிங் ஆர்டருக்குக் காத்திருப்போம். கார்த்திகையில் காத்திருக்கத் தொடங்கினால் தையிலோ மாசியிலோ வரும். நாள் தள்ளத் தள்ளக் கரும்பு பூத்துவிடும், எடை இறங்கும். அப்பா விடியற்காலையில் கொல்லைக்குப் போய், பூ வந்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார். அந்த மாதங்களில் அம்மாவின் கழுத்தில் தாலிக்கொடி இருக்காது. மஞ்சள் கயிறுதான். கொடி அடகுக் கடையில் இருக்கும், சீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் நாலாய் மடித்துக் கிடக்கும். யாராவது வீட்டுக்கு வந்தால் அம்மாவின் கை தானாகப் போய் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடும். இன்றைக்கும் அந்தக் கை அசைவு எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது.

அந்த மாதங்களில்தான் அப்பா சத்தம் போடுவார். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளுவார். ஏன் விளக்கை அணைக்கவில்லை, ஏன் மாடு கட்டுத்தறியில் இல்லை, எதற்கும் ஒரு சத்தம். ஒருமுறை நான் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிய அட்டையை நீட்டியபோது, அதைப் பார்க்காமலேயே ‘அங்க வை’ என்றார். ஐம்பது வருடமாக அவர் அன்பில்லாதவர் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. அந்த ஆய்வு அதைத் திருத்தியது. என் மதிப்பெண் அட்டைக்கு அவர் மனத்தில் அன்றைக்கு இடம் இருக்கவில்லை.

ஆகவே ஒன்றை இந்த மேடையில் உறுதியாகச் சொல்கிறேன். பணத்தால் மகிழ்ச்சியை வாங்க முடியாது என்று பட்டமளிப்பு விழாக்களில் பேசுகிறோம், பள்ளிச் சுவர்களில் எழுதுகிறோம். வயிறு நிறைந்தவர் வயிறு நிறைந்தவருக்கு வேண்டுமானால் அதைச் சொல்லிக்கொள்ளட்டும். வட்டிக்கு வாங்கி மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியிருக்கும் தகப்பன் இந்த அரங்கில் உட்கார்ந்திருந்தால், அவரிடம் அதைச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவருக்குப் பணம் மகிழ்ச்சி தரும். நிம்மதியான உறக்கம் தரும், பொறுமை தரும், பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் அவகாசம் தரும்.

இனித் திருமணம். ஜெர்மனியில் 1984 முதல் ஒரே குடும்பங்களை ஆண்டுதோறும் கேட்டுவரும் ஒரு கணக்கெடுப்பு உண்டு. அதை வைத்து ரிச்சர்ட் லூகாஸ் முதலானோர் 2003இல் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. திருமணத்தையொட்டி நிறைவு சற்றே ஏறுகிறது. இரண்டொரு ஆண்டுகளில் சராசரியாகப் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. மணமானவர்கள் மகிழ்ச்சியாக இருப்பதற்கு ஒரு காரணம், மகிழ்ச்சியாக இருந்தவர்களுக்குத் திருமணம் ஆகியிருக்கிறது என்பது. துணையை இழந்தவர்களுக்கோ, பழைய நிலைக்கு அருகே வருவதற்கே சராசரியாக எட்டு ஆண்டுகள் பிடிக்கிறது. சராசரிக்குள் மேலே ஏறி அங்கேயே நின்றவர்களும் உண்டு, இறங்கி இறங்கியே போனவர்களும் உண்டு. திருமணம் என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வேறு வேறு வாழ்க்கை. பிரிட்டனில் செய்த ஆய்வொன்றில், தன் துணையையே தனக்கு நெருங்கிய நண்பர் என்று சொன்னவர்களுக்குத் திருமணத்தின் பயன் மற்றவர்களைப்போல ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது.

ஆனால், இந்த எண்களை நம் ஊர்ப் பெண்ணிடம் கேட்டு வாங்கினால் எவ்வளவு நம்பலாம்? இங்கே நான் சற்று நிற்க வேண்டும்.

1944. வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு. கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் அகில இந்திய சுகாதார, பொதுநல நிறுவனம் உடல்நலம் பற்றி ஒரு கணக்கெடுப்பு எடுத்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தங்களுக்கு உடம்பு சரியில்லை அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. பஞ்சத்தைத் தாண்டிய ஊர். அந்த வீடுகளில் கடைசியாகச் சாப்பிட்டவர்கள் யார், என்ன மிச்சம் கிடைத்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்கள் நோயில்லாமல் இல்லை. தன் உடம்பைப் பற்றிக் குறை சொல்லலாம் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லாமல் பழக்கியிருந்தோம். அமர்த்தியா சென் இந்தக் கணக்கைத் தம் எழுத்தில் எடுத்துக்காட்டி, ஒருவர் தாமே சொல்லும் நிறைவை மட்டும் வைத்து வாழ்வை அளக்கக் கூடாது என்று வாதிட்டார். இதை வகுப்பில் நடத்தும் ஒவ்வொரு ஆண்டும் ஏதோ ஒரு மாணவி தன் பாட்டியைப் பற்றிப் பேச எழுந்திருப்பாள்.

என் சித்தி அப்படித்தான். சித்தப்பா பதினெட்டு ஆண்டுகள் சவுதியில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு மாத விடுப்பு. எண்பதுகளில் ஒலிநாடாவில் பேசி ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார். சித்தி அதை எல்லாரும் தூங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்து, காதோடு வைத்துக் கேட்பாள். ஓட்டு வீடு மாடி வீடானது, பிள்ளைகள் இருவரும் இன்ஜினியர் ஆனார்கள். மொத்தமாக எண்ணினால் அந்தப் பதினெட்டு ஆண்டில் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது ஒன்றரை ஆண்டு. ‘நல்லா இருக்கியா சித்தி?’ என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்: ‘எனக்கென்ன கொறச்சல்? நல்லாத்தான் இருக்கேன்.’ பொருள்வயிற் பிரிவில் சங்கத் தலைவிக்குப் பேச ஒரு தோழியாவது இருந்தாள்.

சித்தியின் பெயரில் அந்த மாடி வீடு இல்லை. பணம் வந்தது மாமனார் கணக்குக்கு. காய்கறிக்கும் அவரிடம்தான் கை நீட்ட வேண்டும். இங்கேதான் இன்று நான் சொல்ல வந்ததன் நடு இருக்கிறது. வீட்டுக்குள் பணம் வந்ததா என்று கேட்பதோடு கணக்கெடுப்புகள் நின்றுவிடுகின்றன. யார் கைக்கு வந்தது என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் மணமான பெண்களிடம் ஆய்வு செய்து 2005இல் வெளியிட்டார்கள். நிலமும் இல்லாத, வீடும் இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனின் அடியைத் தாங்கியிருந்தார்கள். நிலம் மட்டும் இருந்தவர்களில் 18, வீடு மட்டும் இருந்தவர்களில் 10, இரண்டும் இருந்தவர்களில் 7. எழுத்தறிவில் முன்னே நிற்கும் மாநிலத்தில் எடுத்த கணக்கு. தன் பெயரில் ஒரு கூரை இருந்தால், கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. அந்த இடம் இருப்பது ஆணுக்கும் தெரியும்.

என் அப்பாவின் சத்தத்துக்கு நான் வறுமையைக் காரணம் காட்டினேன். அதோடு விட்டுவிட்டால் அம்மாவுக்கு நியாயம் செய்ததாகாது. அவளும் அதே வறுமையில்தான் இருந்தாள். அடகில் கிடந்தது அவள் கொடி. அவள் கத்தவில்லை. கவலை இருவருக்கும் சமம். அதைச் சத்தமாக வெளியே விடும் உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தரும் சட்டம் வந்தது 1989இல். அறுபது ஆண்டு. அதிலும் அதற்கு முன்பே மணமாகிப் போன பெண்களுக்குப் பங்கு இல்லை என்று சட்டம் சொன்னது. என் அம்மா, சித்தி, நான் எல்லாரும் அன்று அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றோம். அதே 1989இல்தான் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் உதவித்தொகை வந்தது. பின்னாளில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது, முதலில் 4 கிராம், 2016இல் 8 கிராம். 2022இல் அந்தத் திட்டம் உருமாறி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்றானது. எட்டு கிராமை இழந்த குடும்பங்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும் கழுத்துக்குப் போன பணம் அவள் சொந்தக் கணக்குக்குப் போவதை நான் வரவேற்கிறேன். இந்த அரங்கில் அந்த ஆயிரம் ரூபாயை வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரியும்.

2023 செப்டம்பர் முதல் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வருகிறது. இதை இலவசம் என்று எள்ளுவோர் பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே எழுபதுகளின் இறுதியில், பெரும்பாலும் தகப்பனின் வரிக்கழிவாகக் கிடைத்துவந்த குழந்தைச் சலுகையை மாற்றித் தாயின் கையில் ரொக்கமாகக் கொடுத்தார்கள். குடும்பத்துக்கு அது புதுப் பணம் என்று சொல்ல முடியாது. கை மாறியது. ஆண்களின் துணிச்செலவோடு ஒப்பிட, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வாங்கிய துணி கூடியது என்று பின்னாளில் லண்ட்பெர்க், போலக், வேல்ஸ் ஆகியோர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரே வீடு, வேறு கை, வேறு செலவு.

என் சித்திக்கும் இப்போது அந்த ஆயிரம் வருகிறது. மாடி வீடும் இன்ஜினியர் பிள்ளைகளும் தந்த பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், எழுபது வயதுக்கு மேல் முதன்முதலாக யாரிடமும் சொல்லாமல் டவுனுக்குப் பஸ் ஏறிப் போய், தனக்குப் பிடித்த மூக்குப்பொடி நிறத்தில் ஒரு பருத்திப் புடவை எடுத்து வந்தாள். அதை எனக்குப் பிரித்துக் காட்டிய அன்று, நல்லா இருக்கியா என்று நான் கேட்கவே இல்லை.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். அப்பா போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்தச் சொற்பொழிவை எழுதிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், ஆய்வாளர்கள் கேட்கும் கேள்வியை அவளிடம் கேட்டேன். ‘அம்மா, அப்பாவோட நீ சந்தோஷமா இருந்தியா?’ இத்தனை வயதில் இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. நல்லாத்தான் இருந்தேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணினாள். பிறகு சொன்னாள்: ‘தையில வெட்டு முடிஞ்சா பங்குனியில பணம் வந்துடும். அதுக்கப்புறம் ஆடி வரைக்கும் அவரு மாதிரி மனுஷன் கெடயாது.’